எஞ்சின் பூட்டிய சப்பாத்து

தூண்டில் கம்பு வளைந்த வேகத்தைப் பார்த்து, ஆற்றடியில் கிடக்கும் ஏதோ கட்டையில் முள் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கட்டை நகராது. இது நகர்ந்தது.

ரீல் கிறீச்சிட்டது. தூண்டில் நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிப்பா மரங்கள் அடர்ந்த கரையை நோக்கி ஓடியது. முழங்கால்களுக்கு நடுவில் கம்பை இடுக்கி இரண்டு கைகளாலும் பிடித்தேன். யாரோ கயிறு கட்டி இழுப்பது போல எங்கள் படகின் மூக்கு தானாகத் திரும்பியது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் கேட்டார்.

“என்னா அது?”

“மீனு.”

“எவ்ளோ பெருசு?”

“படகையே இழுக்குது. நீங்களே பாத்துக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. சிலாங்கூர் ஆற்றில் நீர் இறங்கும் நேரம் அது. காப்பியில் பால் போதாதது போன்ற நிறத்தில் தண்ணீர் கோலா சிலாங்கூர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது மலாய்க்காரர்களின் சாம்பான் படகு இல்லை. ஆள் அகலமே உள்ள ஒரு கயாக். அதன் வாலில் புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின்.

அந்த மீன் சற்று நேரம் இழுத்துக்கொண்டே இருக்கட்டும். அந்தப் படகில் நாங்கள் எப்படி ஏறினோம் என்று சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் புரியும்.

பேச இடமில்லாத வீடு

போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரவாங்கிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டாராம், கல்யாணத்துக்கு அப்புறம் அவரிடம் முதலில் என்ன பேசினீர்கள் என்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. முதல் இரண்டு மாதம் ஒன்றும் பேசவில்லை.

சண்டையெல்லாம் இல்லை. பேச இடம்தான் இல்லை.

ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் வழியில், ஆற்றை ஒட்டிய செம்பனைத் தோட்டம் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை. மாமியார், கொழுந்தன்மார் மூன்று பேர், நாங்கள் இருவர். பலகைச் சுவர் கூரைவரை போகாது. நான் இந்தப் பக்கம் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரம்மா “நூறு” என்பார். அப்படிப்பட்ட வீட்டில் புதுப் பெண்டாட்டி புருஷனிடம் என்ன பேசுவது? “சோறு போடவா” என்று கேட்பேன். “போடு” என்பார். அத்தோடு சரி.

அவர் பெயர் அர்ஜுனன். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். டிராக்டர், லோரி, தண்ணீர் பம்பு என்று எது நின்று போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இயந்திரங்களோடு வாய் ஓயாமல் பேசுவார் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் வாயைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருவார்.

நான் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. குனிந்தால் குனிந்ததுதான். மதியம் வீடு திரும்பும்போது முதுகு நிமிர மறுக்கும். அந்த நேரத்தில் எனக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். உலு யாம் பக்கம் எங்கள் ஆறு வேறு மாதிரி. கல் தெரியும், காலடியில் மணல் தெரியும், தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். நானும் என் தங்கையும் பள்ளி விட்டதும் பாவாடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு குதித்தால், பசி எடுத்தால்தான் கரையேறுவோம். நீச்சல் எப்போது வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. தூண்டிலும் அப்படித்தான். மூங்கில் கம்பும் மண்புழுவும் இருந்தால் போதும், உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு நாள் வாசலில் துணி காயப்போட்டபடி பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சின்ன துரை விட்டுப்போனது

அடுத்த வாரம் வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவர் தானாக வாயைத் திறந்தார். தோட்டத்து உதவி மேனேஜரான சின்ன துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறாராம். பங்களாவின் கார் கொட்டகையில் ஒரு படகு கிடக்கிறதாம். அடியில் வெடிப்பு. வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்.

டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வொர்க்‌ஷாப் பின்னால் இறக்கினார்கள். வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள் நிறம். இரண்டு பக்கமும் கூர். நடுவில் நீளமாக ஒரே குழி, அதில் ஆள் உட்கார இரண்டு பலகை. தோட்டத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கயாக் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னாப்பா, ராட்சசன் கால்ல போடுற சப்பாத்து மாதிரி இருக்கு?” என்றார். அன்று முதல் அதற்குச் ‘சப்பாத்து’ என்றே பெயர்.

வெடிப்பை அடைக்கும் பசையும் துணியும் கோலா சிலாங்கூரில் படகு பழுதுபார்க்கும் சீனர் ஒருவரிடம் வாங்கி வந்தார். துடுப்புப் போட்டு அந்த ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாது என்று அந்தச் சீனர் சொன்னாராம். அதற்கு எஞ்சின் வேண்டும். கடைகளில் இருந்த எஞ்சின்களோ சப்பாத்தையே முழுங்கிவிடும் அளவில் இருந்தன.

பழைய இரும்புக் குவியலில் தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரம் ஒன்று கிடந்தது. அதை ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். நீளக் குழாயின் ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் வெட்டும் தகடு. தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை விசிறியை மாட்டினார். வேகத்தைக் கூட்டக் குறைக்க சைக்கிள் பிரேக்கின் கைப்பிடி. ஒவ்வொரு சாயங்காலமும் அங்கேயே கிடந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நானும் போவேன். விசிறியை ஒரு டிரம் தண்ணீரில் விட்டு முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பிய அன்று டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சவில்லை. எங்கள் இருவர் மேலும்தான் இருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வாரத்துக்குமுன் இந்த மனிதருக்குப் பல் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

மாமியாருக்கு இதெல்லாம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆற்றில் முதலை இருக்கிறது, சுழல் இருக்கிறது, கல்யாணமான பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். எங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அடுப்போடு பேசுவார். அந்தச் சப்பாத்தை வெட்டி விறகுக்குப் போடப் போவதாக ஒரு நாள் சொன்னார். அது எரியாது, உருகும் என்று மகன் சொன்னதும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

முதல் ஞாயிறு

கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்தின் படகுத் துறையில் சப்பாத்தை இறக்கினோம். லயத்திலிருந்து ஒரு கூட்டமே சைக்கிளில் வந்திருந்தது. நான் அவருடைய பழைய சிலுவாரை இடுப்பில் கயிறு கட்டிப் போட்டிருந்தேன். முன் பலகையில் நான் உட்கார்ந்தேன். அவர் துறையின் மரத்தூணை ஒரு கையால் பிடித்தபடி பின்னால் ஒரு காலை வைத்தார்.

அவ்வளவுதான். சப்பாத்து உருண்டது. நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். அவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். கரையில் எழுந்த சிரிப்பில் நிப்பா மரத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நான் நீந்தி வந்து படகைத் தள்ளிக் கரைசேர்த்தேன்.

அந்த வாரமே மாற்று வழி கண்டுபிடித்தார். களைக்கொல்லி வரும் பெரிய பிளாஸ்டிக் டின்கள் இரண்டைக் கழுவி, இறுக மூடி, படகின் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினார். கட்டினார் என்றால் சாதாரணக் கட்டு இல்லை. கம்பி, கயிறு, அதற்கு மேல் டயர் டியூப். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். “நீ விழுந்துடக் கூடாதுல்ல” என்றார். எனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்லத் தோன்றவில்லை. என்மேல் இவ்வளவு அக்கறையா என்று உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன்.

டின்கள் கட்டியபின் சப்பாத்து சாயவே இல்லை. எஞ்சின் காது கிழியக் கத்தும். வேகம் என்னவோ சைக்கிள் மிதிக்கும் வேகம்தான். ஆனால் முகத்தில் காற்று அடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் பிளக்க, ஆற்றின் நடுவில் நாங்கள் இரண்டே பேர் போனபோது நான் கத்திவிட்டேன். சந்தோஷத்தில் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் மறுபடியும் கத்தினேன்.

பாக் மாட் என்பவருக்கு மட்டும் எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டது. அவர் கம்பத்துக்காரர். வளைவில் சாம்பானைக் கட்டிவிட்டு ஆற்று இறால் பிடிப்பவர். எங்களைக் கைகாட்டி நிறுத்தி, இறாலுக்குக் காது இல்லை என்று நினைத்தீர்களா என்று மலாயில் கேட்டார். அந்த வளைவுக்கு வருமுன் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் தலையாட்டினோம். கோபக்காரர் என்று நினைத்தோம். போகும்போது இறால் எங்கே கிடக்கும் என்று கைநீட்டிக் காட்டிவிட்டும் போனார்.

இறால் தூண்டிலில் கிடைக்கும்போது மீன்போல வெடுக்கென்று இழுக்காது. எடுக்கும், நிற்கும், இரண்டடி நடக்கும், மறுபடி நிற்கும். அவசரப்பட்டால் போச்சு. நீலக் கொடுக்கு வெளியே தெரியும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். எஞ்சின் அணைந்திருக்கும். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார். சின்ன வயதில் அப்பா இறந்தது, கோலா குபு பாருவில் ஒரு மோட்டார் கடையில் வேலை கற்றது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் கைலியில் ஊற்றிக்கொண்டது. முகம் பார்க்காமல் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது போலும். நாலு மாதத்தில் நாங்கள் நாற்பது வருடத்துக்குப் பேசிவிட்டோம்.

மறுபடியும் அந்த மீன்

இப்போது மீனிடம் வருவோம்.

அன்று உயிருள்ள சின்ன இறாலை முள்ளில் கோத்து விட்டிருந்தேன். அதைக் கவ்வியது சியாகாப். தமிழ்நாட்டில் கொடுவா என்கிறார்கள். கரையிலிருந்து ஒரு மரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. மீன் நேராக அதன் கிளைகளுக்குள் புகப் பார்த்தது. புகுந்தால் நரம்பு அறுந்துவிடும்.

“நடு ஆத்துக்குக் கொண்டு போங்க” என்றேன்.

எஞ்சினின் கயிற்றை இழுத்தார். இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை முழங்காலில் எழுந்து நின்று பலமாக இழுத்தார். ஈரக் கையிலிருந்து கைப்பிடி நழுவியது. எனக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். படகு ஆடி நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பலகையில் ஆள் இல்லை.

மூன்று விநாடி இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று விநாடி வேறு இல்லை. பிறகு இடப்பக்க டின்னுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது, அப்புறம் தலை. டின்னைக் கட்டிக்கொண்டு இருமினார். எனக்கு உயிர் வந்தது. விளையாட்டாகவே சொன்னேன், இப்படியே நீந்திப் பின்பக்கமாக வந்து ஏறுங்கள் என்று.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“எனக்கு நீச்சல் தெரியாது.”

காதில் விழுந்தது, புத்திக்குப் போகவில்லை. நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஆற்றின் நடுவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். நான் கம்பை விடப் போய், அவர் கையைப் பிடிக்கக் குனிந்தேன்.

“கம்ப விடாத” என்றார். “நான் புடிச்சிருக்கேன்ல. விட்டுடாத லா. எஞ்சின நீ எடு.”

அந்த எஞ்சினை அதுவரை என்னைத் தொடவிட்டதில்லை. கம்பைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்பலகைக்கு நகர்ந்தேன். அவருடைய பாரத்தில் இடது டின் பாதி முழுகியிருந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்துகொண்டேன். மீன் இழுத்துக்கொண்டிருந்தது. ஆறும் எங்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு வரும் சத்தம் கேட்டது. அது கிளப்பும் அலை வந்தால் இந்த மூங்கில் தாங்குமா என்று தெரியவில்லை.

அவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடம் நடத்தினார். வொர்க்‌ஷாப்பில் நின்று பேசுவது போல நிதானமான குரல். சோக்கைத் தூக்கு. மெதுவாக இரண்டு தடவை இழு. இப்போது சோக்கை இறக்கு. இப்போது வேகமாக இழு.

இழுத்தேன். எஞ்சின் கத்திக்கொண்டு எழுந்தது.

“கால மேல தூக்கிக்குங்க” என்று அலறினேன். விசிறி அவர் காலிலிருந்து அதிக தூரமில்லை. குரங்குபோல மூங்கிலில் காலைச் சுற்றிக்கொண்டார். எதிர்க்கரையில் சேற்றுத் திட்டு தெரிந்தது. வேகத்துக்கான பிரேக் கைப்பிடியை அமுக்கினேன். மூக்கு திரும்பவில்லை. குழாயை மறுபக்கம் தள்ள வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. தள்ளினேன். ஒரு பக்கம் புருஷன் தொங்க, மறுபக்கம் மீன் இழுக்க, சப்பாத்து நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து ஆற்றைக் கடந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இருந்ததா? இருந்திருக்க வேண்டும். ஞாபகத்தில் இருப்பது என்னவோ, என் கை சொன்னபடி அந்த எஞ்சின் கேட்டது மட்டும்தான்.

அவர் கால் சேற்றில் பட்டது. இடுப்புவரை புதைந்து நின்றார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கம்பைக் கையில் எடுத்தேன். மீன் இன்னும் இருந்தது. தண்ணீரைவிட்டு ஒரு தடவை எம்பித் தலையை உதறியது. வெள்ளிப் பக்கமும் சிவந்த கண்ணும் தெரிந்தன. அவர் சேற்றுக்குள் நின்றுகொண்டு, விடு, இப்போது சுற்று, விடு என்று தாளம் போட்டார். வாயை மூடுங்கள் என்று சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. மூடிக்கொண்டார்.

எஞ்சின் சத்தம் கேட்டுத் திட்டுவதற்காகக் கிளம்பி வந்த பாக் மாட், திட்டுவதை மறந்துவிட்டு வலைக்கூடையோடு சேற்றில் இறங்கினார். மீன் களைத்துப் பக்கத்தில் வந்ததும் ஒரே அள்ளு. வலையைவிட நீளமாக வால் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. அவர் மீனைப் பார்த்தார், சேற்றில் பாதியாக நிற்கும் என் கணவரைப் பார்த்தார், இரண்டில் எதை முதலில் பிடித்தாய் என்று என்னிடம் கேட்டார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பாக் மாட் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன் சொல்லல?” என்று என் கணவரிடம் கேட்டேன்.

கண்ணிமையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார். “சொன்னா நீ என்னைய கூட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்ட. லயத்துல உன்கூட ரெண்டு வார்த்த பேச வேற எங்க போறது?”

அன்று சாயங்காலம்

மீனைச் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டியும் தலையும் வாலும் தொங்கின. லயத்தில் இறக்கியதும் வீடு வீடாக ஆட்கள் வந்துவிட்டார்கள். அருவாமனையில் அடங்கவில்லை. மண்டோர் வீட்டுக் கோடாரி வந்தது. லயத்தின் முன்வரிசையில் குடியிருந்தவர்கள் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு அந்த மீன் குழம்புதான்.

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. திட்டுவார் என்று தயாராக நின்றேன். புளி கரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவ்வளவுதான்.

“அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். “அஞ்சு வயசுல தண்ணி ஓடுற கான்ல விழுந்தான். அதுக்கப்புறம் குளிக்கறதுக்கே வாளியப் பாத்துப் பயப்படுவான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் தலையில என் கைய வச்சி சத்தியம் வாங்கிட்டான். நான் வேற என்னா செய்யறது? கத்தத்தான் முடிஞ்சிச்சு.”

நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் கிளம்பிய பிறகு அந்த அம்மாள் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கமில்லை. புளிக் கிண்ணத்தை வாங்கி நான் கரைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மீன் தலை எப்போதும் மூத்த மகனுக்குத்தான். மாமியாரின் கரண்டி என் கணவர் தட்டை நோக்கிப் போனது. அதைத் தாண்டி வந்து என் தட்டில் இறங்கியது. கொழுந்தன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமியார் யாரையும் பார்க்காமல் சொன்னார். “அடுத்த ஞாயித்துக்கிழம எஞ்சின நீ புடி. அவன் முன்னால உக்காந்து இறால் புடிக்கட்டும்.”

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து, பலகைக்கு மேலாக, “அப்படிச் சொல்லு” என்று ஒரு குரல் வந்தது.